வாசல் மேலேயே நின்றுவிட்ட நீதிமன்றம்

பிட்ஸ்பர்க் என்றதும் அமெரிக்கத் தமிழர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயில்தான். 1970களில் எழும்பிய கோயில். நீண்ட வார இறுதி கிடைத்தால் ஐந்தாறு மணி நேரம் கார் ஓட்டி வந்து சேவித்துவிட்டு, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். அதே அலகேனி கவுண்டியில், அங்கிருந்து அரைமணி நேரக் கார் தூரத்தில், நகர மையத்தின் கிராண்ட் தெருவில், இன்னொரு கல்கோபுரம் நிற்கிறது. 1888-ல் திறந்த கவுண்டி நீதிமன்றம் அது. கோயிலுக்கு வருகிறவர்களில் இதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கட்டடக்கலையைப் படிக்கிறவர்களோ இதற்காகவே பிட்ஸ்பர்க் வருகிறார்கள்.

கிராண்ட் தெருவில் நின்று அதன் முகப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தால் ஏதோ ஒன்று இடிக்கும். கோட்டை போன்ற கருங்கல் சுவர், உயர்ந்த கோபுரம், கம்பீரமான அரைவட்ட வளைவுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வளைவுகள் தெருவிலிருந்து ஒரு மாடி உயரத்தில் தொங்குகின்றன. மக்கள் உள்ளே போவது அவற்றுக்குக் கீழே இருக்கும் வாசல்கள் வழியாக. அரண்மனைக்குள் நிலவறை வழியாக நுழைவது போல. கட்டியவரின் பிழையில்லை இது. கட்டடம் கட்டிய இடத்தில்தான் நிற்கிறது. அதன் காலடியில் இருந்த மண்ணைத்தான் ஊர் எடுத்துக்கொண்டது.

கவுண்டி என்பதை மாவட்டம் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் நம் மாவட்டத்தோடு அது அப்படியே பொருந்தாது. அங்கே மாநில அரசு அனுப்பும் கலெக்டர் இல்லை. ஷெரிப், அரசு வழக்கறிஞர், ஏன், பென்சில்வேனியாவில் நீதிபதிகள்கூட, மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவர்கள். பத்திரப்பதிவு, உயில், சொத்து வரி, கொலை வழக்கு, விவாகரத்து என்று மனிதரின் ஆயுளில் அரசாங்கத்தைத் தொட வேண்டிய தருணங்களில் பாதி கவுண்டியோடு முடிந்துவிடும். அதனால் அமெரிக்காவின் சின்னஞ்சிறு ஊர்களில்கூட கவுண்டி நீதிமன்றம்தான் ஆகப் பெரிய கட்டடமாக இருக்கும்; சதுக்கத்தின் நடுவில் மணிக்கூண்டோடு நிற்கும். அலகேனி சின்னக் கவுண்டி அல்ல. 2020 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சம் பேர். 1880களிலோ அது இரும்பும் நிலக்கரியும் கண்ணாடியுமாகக் கொதித்துக்கொண்டிருந்த இடம். பணம் குவிந்த வேகத்திலேயே புகையும் குவிந்தது.

கட்டடம் நிற்கும் மேட்டுக்குக் கிராண்ட் குன்று என்று பெயர். 1758 செப்டம்பரில் ஜேம்ஸ் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துப் படைத்தளபதி இங்கே பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு நின்ற பூர்வகுடிகளிடமும் தோற்றுப் பிடிபட்டார். தோற்றவர் பெயரே மேட்டுக்கும் தெருவுக்கும் நிலைத்துவிட்டது. கவுண்டி பிறந்தது 1788-ல். முதல் நீதிமன்றம் கீழே சந்தைச் சதுக்கத்தில் இருந்த செங்கல் கட்டடம். அது போதாமல் போகவே 1830களில் குன்றின் மேல் நிலம் வாங்கி, ஜான் சிஸ்லெட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, கிரேக்கக் கோயில் பாணியில் தூண்களும் குவிமாடமுமாக இரண்டாவது நீதிமன்றத்தைக் கட்டினார்கள். உள்ளூர் மணற்கல். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அந்தக் கல்லுக்குப் பிட்ஸ்பர்க் காற்று ஒத்துவரவில்லை. நிலக்கரிப் புகை கல்லைக் கறுக்க வைத்ததோடு நிற்காமல் அரிக்கவும் தொடங்கியது. 1882 மே மாதம் தீப்பிடித்து எரிந்தபோது, வெளிமுகம் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்த கட்டடம்தான் எரிந்தது.

அடுத்ததைக் கட்டும்போது கவுண்டி ஆணையர்கள் சில பாடங்களைக் கற்றிருந்தார்கள். தீப்பிடிக்கக் கூடாது, புகைக்கு அசையக் கூடாது, ஊரின் செல்வத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். வென்றவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்.

லூசியானாவில் 1838-ல் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாரிஸின் நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்றவர். பேச்சில் திக்கல், உடம்பு மாமிச மலை, சிரிப்பு அதைவிடப் பெரிது என்று அவரைப் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாஸ்டனில் 1877-ல் முடிந்த டிரினிட்டி தேவாலயம் அவரை நாடறிய வைத்தது. அக்காலத்து அமெரிக்காவில் அரசுக் கட்டடம் என்றால் ஒன்று கிரேக்கத் தூண், இல்லாவிட்டால் பிரெஞ்சுக் கூரை. ரிச்சர்ட்சன் இரண்டையும் விட்டுவிட்டு, தெற்குப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய ரோமனெஸ்க் தேவாலயங்களுக்குப் போனார். தடித்த சுவர், குட்டைத் தூண், அரைவட்ட வளைவு. அதை அவர் நகலெடுக்கவில்லை. அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டே போய் கல்லின் கனத்தை மட்டும் மிச்சம் வைத்தார். இன்று அந்தப் பாணிக்கே அவர் பெயர்தான்: ரிச்சர்ட்சனிய ரோமனெஸ்க். தனியொரு ஆளின் பெயரைத் தாங்கி ஒரு நாட்டுப் பாணி நிலைப்பது அபூர்வம்.

இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதன் நுரையீரல்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு முழுத் தெருக்கட்டு அளவுக்கு இடம். அதை நிரப்பிக் கட்டினால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு வெளிச்சமும் வராது, காற்றும் வராது; 1880களில் மின்விளக்கு இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. ரிச்சர்ட்சன் நான்கு பக்கமும் கட்டி நடுவில் முற்றம் விட்டார். முற்றம் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால் இங்கே முற்றம் முழுத் தீர்வாகாது. திறந்துவிட்டால் வருவது நல்ல காற்றல்ல, பிட்ஸ்பர்க் காற்று. நண்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்த ஊர் அது.

அதற்குத்தான் கோபுரம். சுமார் 250 அடி உயரம். மணி இல்லை, காவல்காரன் இல்லை. தெருப்புகைக்கு மேலே எட்டி, அங்கிருக்கும் ஓரளவு சுத்தமான காற்றை உறிஞ்சிக் கீழே இறக்குவதற்கான புகைபோக்கி அது. தலைகீழாக வேலை செய்யும் புகைபோக்கி. உள்ளே இறங்கிய காற்று அறைகளைச் சுற்றி வந்து பழசானதும், கட்டடத்தின் பின்புறம் நிற்கும் இரண்டு சிறு கோபுரங்கள் வழியாக வெளியேற வேண்டும் என்பது திட்டம். முன்னால் மூச்சை இழுத்துப் பின்னால் விடும் கட்டடம். வெளியிலிருந்து பார்க்கிறவர் ஸ்பானியத் தேவாலயத்துக் கோபுரத்தை நினைப்பார். வரைந்தவருக்கு அது குழாய். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்காமல் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

கல்லிலும் அதே கணக்கு. மணற்கல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் வெட்டிய, இளஞ்சிவப்பு ஓடிய கருங்கல் வந்தது. கட்டியவர்கள் நார்கிராஸ் சகோதரர்கள். ரிச்சர்ட்சனின் பெரிய கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய அதே ஒப்பந்தக்காரர்கள். அவர் கை எங்கே போகும் என்று அறிந்த கொத்து அது. வெளிச்சுவர்க் கற்களின் முகத்தை இழைக்காமல், உடைத்த கரடுமுரடோடு விட்டார்கள். கரி படிந்தால் வழவழப்பான கல் அழுக்காகத் தெரியும். கரடான கல்லிலோ நிழல் கூடியது போல இருக்கும். ரிச்சர்ட்சன் இதை நினைத்தே செய்தாரா என்பது வேறு விஷயம். விளைவு அப்படித்தான் அமைந்தது.

உள்ளே பேர்பெற்றது படிக்கட்டு. கல்வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்ப, அவற்றின் அடியில் படிகள் திரும்பித் திரும்பி ஏறும். கீழே நின்று அண்ணாந்தால் ஒரு வளைவுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. பூ வேலையோ பொம்மையோ அதிகம் கிடையாது. எடையைத் தாங்கும் வேலையையே அலங்காரமாகக் காட்டிவிட்ட இடம் இது. வழக்குக்கு வந்தவன் இதில் ஏறும்போதே பாதி அடங்கிவிடுவான் என்று நினைத்துத்தான் கட்டியிருப்பார்கள்.

ரிச்சர்ட்சன் அதில் ஏறிப் பார்க்கவில்லை. சிறுநீரக நோய் முற்றி 1886 ஏப்ரலில், 47 வயதில் இறந்துபோனார். பிட்ஸ்பர்க் வேலையை முடிக்க மட்டும் காலம் கிடைத்தால் போதும் என்று கடைசி நாட்களில் சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. மிச்சத்தை அவர் அலுவலகத்து வாரிசுகளான ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூவரும் முடித்தார்கள். கவுண்டி பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த 1888 செப்டம்பர் 24 அன்று திறப்பு விழா.

அவர் இறந்த அதே 1886-ல் முடிந்தது பின்னால் இருக்கும் சிறை. நீதிமன்றத்தைவிட இதுதான் பெரிய படைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். நீதிமன்றத்தில் ரிச்சர்ட்சன் கொஞ்சமாவது சபைக்குப் பேசுகிறார். சிறையில் பேச்சே இல்லை. தெருவோரமாக வளைந்து போகும் பிரம்மாண்டமான கருங்கல் மதில், அதில் மிகச் சில துளைகள், வாசல் வளைவைச் சுற்றி ஆளுயரத்துக்கு நெருங்கும் கற்கள். உள்ளே நடுவில் எண்கோணக் கூடம். அதிலிருந்து சிலுவைக் கைகள் போல அறைவரிசைகள் பிரியும். நடுவில் நிற்கும் ஒரு காவலர் எல்லா வரிசையையும் பார்த்துவிடலாம். 1900களின் தொடக்கத்தில் இடம் போதாமல் பிரெடரிக் ஆஸ்டர்லிங் என்பவர் சிறையைப் பெரிதாக்கினார். பழைய வேலை எது, புது வேலை எது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அடக்கம்.

சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ராஸ் தெரு. அதற்கு மேலே மூடிய கல்பாலம் ஒன்று. வெனிஸ் நகரத்தில் இருப்பதை நினைத்து இதற்கும் பெருமூச்சுப் பாலம் என்றே பெயர். கைதிகளைத் தெருவில் இறக்காமலே கூண்டுக்குக் கொண்டுபோய்விடலாம். தீர்ப்பைக் கேட்டுத் திரும்பும்போதும் அதே வழி. பெயரில் கவிதை இருக்கிறதே தவிர, இதுவும் குழாய்தான். கோபுரம் காற்றைக் கொண்டுவந்தது போல இது ஆட்களைக் கொண்டுவந்தது.

திறந்து நாலு வருடத்திலேயே அந்தக் குழாய்க்கு வேலை வந்துவிட்டது. 1892 ஜூலையில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் ஆண்ட்ரூ கார்னகியின் நிறுவனம் தொழிலாளர்களைக் கதவடைத்து வெளியேற்றியது. படகில் வந்திறங்கிய பிங்கர்டன் கூலிக் காவலர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கொலை, கலவரம் என்று வழக்குகள் குவிந்தன. அதோடு நில்லாமல் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எட்வர்ட் பேக்ஸனே பிட்ஸ்பர்க் வந்து, வேலைநிறுத்தக் குழுவினர் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு நிற்கும் என்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். கூலிக்காகப் போராடியவன் மாநிலத்துக்கு எதிராகப் போர் தொடுத்தவன் ஆனான். பிட்ஸ்பர்க் ஜூரிகள் அதை ஏற்கவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அடுத்தடுத்து விடுதலையானார்கள். 1893 பிப்ரவரியில் தொழிலாளர் தலைவர் ஹியூ ஓ'டானலும் விடுதலை. துரோக வழக்கு அப்படியே நீர்த்துப்போயிற்று.

அதே ஜூலையில் ஆலை நிர்வாகி ஹென்றி கிளே ஃபிரிக்கை அவர் அலுவலகத்திலேயே சுட்டவர் அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாதி. ஃபிரிக் பிழைத்துக்கொண்டார். பெர்க்மன் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். செப்டம்பரில் விசாரணை ஒரே நாளில் முடிந்தது, 22 வருடம் தண்டனை, 14 வருடம் உள்ளே இருந்தார். இதற்கு ஒரு வால் உண்டு. 1902-ல் ஃபிரிக் தன் பெயரில் ஒரு கட்டடம் எழுப்பினார்: நீதிமன்றத்துக்கு நேர் எதிரே, கிராண்ட் தெருவின் மறுபக்கம், அன்றைக்கு ஊரிலேயே உயரமானது. புகைக்கு மேலே எட்டிப் பார்க்கத்தான் ரிச்சர்ட்சன் கோபுரத்தை உயர்த்தியிருந்தார். இப்போது அதன் எதிரிலேயே அதைவிட உயரமான சுவர்.

1902 இன்னொரு காரணத்துக்காகவும் ஊருக்கு மறக்காது. மரண தண்டனைக்குக் காத்திருந்த எட், ஜாக் பிடில் சகோதரர்கள் ஜனவரி 30 அன்று இந்தச் சிறையிலிருந்து தப்பினார்கள். ரம்பமும் துப்பாக்கியும் உள்ளே கொண்டுவந்து கொடுத்தவர் சிறைக் கண்காணிப்பாளரின் மனைவி கேட் சோஃபெல். எட் மேல் அவருக்குக் காதல். மூவரும் பனிச்சறுக்கு வண்டியில் வடக்கே பட்லர் பக்கம் ஓடினார்கள். மறுநாளே போலீஸ் மடக்கிச் சுட்டது. சகோதரர்கள் இருவரும் செத்தார்கள், கேட் பிழைத்துச் சிறை போனார். ரிச்சர்ட்சன் மதிலில் ஒரு கல்லும் அசையவில்லை என்பதைக் கட்டடத்தின் சார்பில் சொல்லிவைக்க வேண்டும்.

இனி அந்த வாசல் விஷயம். வண்டிகள் பெருகப் பெருக, நகர மையத்துக்குள் துருத்திக்கொண்டிருந்த கிராண்ட் குன்று இடைஞ்சலாகிவிட்டது. 'மேடு' என்றே அதற்குப் பட்டப்பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே சில முறை சீவியிருந்தார்கள். 1912, 13-ல் கடைசியாக, ஆழமாகச் சீவினார்கள். நீதிமன்ற வாசலில் தெரு சுமார் 16 அடி கீழே போனது. ஒரு மாடி அளவு. அதுவரை மண்ணுக்குள் மறைந்திருந்த அடித்தளச் சுவர் வெளியே வந்து நின்றது. எதிரே இருந்த ஃபிரிக் கட்டடத்துக்கும் இதே கதிதான். அதன் அடித்தளம் நுழைவுக் கூடமாக மாறியது.

முதலில் பழைய வாசலுக்கு ஏறிப்போக வெளியே பெரிய படிக்கட்டு ஒன்றை ஒட்டவைத்தார்கள். 1920களின் கடைசியில் தெருவை அகலப்படுத்தியபோது அந்தப் படிகளுக்கு இடமில்லை. இடித்துவிட்டு அடித்தளச் சுவரில் வாசல்களைத் திறந்தார்கள். அன்றிலிருந்து அதுவே வழி. செய்த வேலை சுத்தமான வேலைதான், கல்லுக்குக் கல் பொருந்தும். ஆனாலும் ரிச்சர்ட்சன் யோசித்த வரிசை கலைந்துவிட்டது. தெரு, வளைவு, உயர்ந்த கூடம், படிக்கட்டு என்று வர வேண்டும். இப்போது தெரு, தாழ்ந்த நிலவறைக் கூடம், பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகுதான் மேலே ஏறிக் கூடம்.

இந்த வரிசை கலையாமல் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் டொரன்டோ போகலாம். அந்நகரின் பழைய நகர மண்டபத்தைத் தெரியாத டொரன்டோ தமிழர் இருக்க முடியாது. பல பத்தாண்டுகள் மாகாண நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. 1899-ல் அதைத் திறந்தார்கள். கட்டிய இ. ஜே. லெனாக்ஸ் பிட்ஸ்பர்க்கை நன்றாகப் படித்துவிட்டு வந்தவர் என்பது கல்லிலேயே தெரியும்: அதே முரட்டுக் கல், அதே வளைவு, அதே முற்றம். அங்கே தெருவை யாரும் சீவவில்லை. கல்வெட்டில் பெயர் போட மன்றம் மறுத்ததால் லெனாக்ஸ் கூரை விளிம்புக்குக் கீழே கட்டடத்தைச் சுற்றித் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டார், தனிக்கதை அது. மினியாபொலிஸ் நகரசபைக் கட்டடமும் இந்தக் குடும்பம்தான்.

பிட்ஸ்பர்க்கில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940களில் நடைமுறைக்கு வந்த பிறகு, கோபுரம் காற்று பிடிக்கும் அவசியம் போயிற்று. எஃகு ஆலைகளும் பின்னாளில் ஒவ்வொன்றாக மூடின. முற்றம் 1970களில் நீரூற்றும் மரநிழலுமாகப் பூங்காவானது. 1976-ல் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. உள்ளே நீதிமன்ற அறைகள் பலவற்றைக் காலத்துக்கேற்பக் கூறுபோட்டிருந்தார்கள். ஒன்றையாவது ரிச்சர்ட்சன் நினைத்தபடி பார்க்கலாமே என்று 1980களில் 321ஆம் எண் அறையைப் பழையபடி மீட்டார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

சிறைக்குத்தான் பெரிய மாற்றம். கூட்டமும் சீர்கேடும் தாங்காமல் கூட்டரசு நீதிமன்றம் பலமுறை தலையிட்டது. கடைசியில் 1995-ல் புதுச் சிறை கட்டிக் கைதிகளை மாற்றினார்கள். சும்மா நிற்கும் சிறையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நூறு வருடம் ஆட்களை அடைப்பதற்கென்றே யோசித்த கட்டடம், ஜன்னல் வைக்கவே யோசிக்காத மதில். இடிக்கவில்லை. உள்ளிருந்த இரும்புக் கூண்டு வரிசைகளை எடுத்துவிட்டு, 2000-ல் அங்கே குடும்ப நீதிமன்றத்தைக் கொண்டுவந்தார்கள். எண்கோணக் கூடத்துக்குக் கீழே இப்போது காத்திருப்பது மணவிலக்கு கேட்டவர்களும், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்ப்பு கேட்க வந்தவர்களும், சில சமயம் அந்தப் பிள்ளைகளும். ஓர் ஓரத்தில் பழைய அறைவரிசையில் கொஞ்சத்தை மட்டும் பிரிக்காமல், சிறை எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ராஸ் தெருவுக்கு மேலே பாலமும் இருக்கிறது. விலங்கு பூட்டிய கைதிகள் வரிசையாக அதன் வழியே போவதில்லை.